வினைக்கு வால் முளைத்தால்: ஆங்கில ஃபிரேசல் வெர்ப் தடுமாற்றங்களைச் சரிசெய்வது எப்படி?

மார்த்தாண்டத்தில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் படிப்பவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள். டியூட்டி முடிந்து, யூனிஃபார்மை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குலசேகரத்திலிருந்தும் கருங்கலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் தேறி இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போகவேண்டும் என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. அந்தத் தேர்வின் லிசனிங் ஏ பகுதியில் ஒரு நோயாளி பேசுவதைக் கேட்டு, குறிப்பில் விடுபட்ட இடங்களை நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவை ஒரு தடவைதான் போடுவார்கள்.

ஒரு நாள் பயிற்சிப் பதிவில் நோயாளி இப்படிச் சொன்னார்: "ஐ காண்ட் கீப் எனிதிங் டவுன்." அறுவை சிகிச்சை வார்டில் எட்டு வருடம் வேலை பார்த்த ஒரு மாணவி, "குனிய முடியவில்லை, முதுகுவலி" என்று எழுதியிருந்தார். ஏன் அப்படி என்று கேட்டேன். "கீப்னா வை, டவுன்னா கீழ. எதையும் கீழ வைக்க முடியல்ல. அப்போ முதுகுவலிதானே டீச்சர்?" என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் நோயாளி சொன்னது வேறு. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை, எல்லாம் வாந்தியாக வந்துவிடுகிறது என்கிறார். நிஜ வார்டில் இந்தப் பிழை நேர்ந்தால், நீர்ச்சத்து வற்றிக்கொண்டிருக்கும் ஒருவரை எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடுவோம்.

அன்றோடு இந்தப் பாடத்தைப் பட்டியல் போட்டு நடத்துவதை நிறுத்திவிட்டேன். யாருக்கு எந்த இடத்தில் முட்டுகிறது என்று பார்த்து, அந்த அறிகுறிக்கு மட்டும் மருந்து சொல்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போய்ப் படிக்கலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீப், கிவ், புட், டேக் போன்ற சின்ன வினைகளுக்குப் பின்னால் வந்து ஒட்டும் அப், டவுன், அவுட், ஆஃப் முதலியவற்றைப் பார்ட்டிகிள் என்பார்கள். வகுப்பில் நான் அதை வால் என்கிறேன். வினையும் வாலும் சேர்ந்து வருவதுதான் ஃபிரேசல் வெர்ப். மீன் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வால்தான் தீர்மானிக்கிறது. இங்கேயும் அப்படித்தான்.

அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, சேர்ந்து வந்தால் தெரியவில்லை

காரணம், வாலை வெறும் இடமாக மட்டும் படிப்பது. அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே, அவுட் என்றால் வெளியே என்று பள்ளியில் படித்ததோடு நாம் நின்றுவிடுகிறோம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது கடினமாக இருக்கவேண்டிய பாடமே அல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் இதே வேலையை நாம் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம். 'பார்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார் என்றால் கண்ணால் காண்பது. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றால் பசித்தால் சோறு ஊட்டுவது, விழுந்தால் தூக்குவது, தூங்கும்வரை கூட இருப்பது. இத்தனையையும் கொண்டுவந்தது 'கொள்' என்ற ஒரு சின்னச் சொல். தமிழ் படிக்கும் வெளியூர்க்காரர் ஒருவர் அகராதியைத் திறந்தால் கொள் என்பதற்கு வாங்கு, பெறு என்று இருக்கும். பார்த்து வாங்கு என்றா பொருள் என்று அவர் விழிப்பார். ஆங்கிலத்தில் அதே வேலையை ஆஃப்டர் செய்கிறது. லுக் என்றால் பார், லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். அகராதியில் ஆஃப்டர் என்பதற்குப் பிறகு என்று இருப்பதைப் பார்த்து இப்போது விழிப்பது நாம். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தான்.

இன்னொன்று பாருங்கள். கல்யாணத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட்டார்கள் என்று கேட்டால், கல்யாணத்தை யார் கையால் தள்ளினார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் அது புட் ஆஃப். புட் என்றால் போடு, ஆஃப் என்றால் விலகி, தள்ளி. தள்ளிப் போடு என்பதையே அவர்கள் திருப்பி வைத்திருக்கிறார்கள். கைவிடு என்பது கிவ் அப். கண்டுபிடி என்பது ஃபைண்ட் அவுட். குறித்து வை என்பது நோட் டவுன். செய்து பார் என்பது ட்ரை அவுட், உடுத்திப் பார் என்பது ட்ரை ஆன். தீர்ந்து போ என்பது ரன் அவுட். பொறுத்துக்கொள் என்பது புட் அப் வித். நம் இலக்கணத்தில் இந்தப் பின்சொற்களுக்குத் துணைவினை என்று பெயர். விடு, போ, கொள், வை, பார், போடு என்று நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். அவர்கள் வினைக்குப் பின்னால் திசைச் சொல்லை ஒட்டுகிறார்கள்.

சரிசெய்யும் வழி இதுதான். புதிதாக ஒன்று காதில் விழுந்தால், வினையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வாலை மட்டும் பாருங்கள். அந்த வால் என்ன படம் காட்டுகிறது என்று கேளுங்கள். அப்புறம் அதைத் தமிழில் சொல்ல எந்தத் துணைவினை வேண்டும் என்று தேடுங்கள்.

கீப் டவுன் என்பதில் செய்து பார்ப்போம். டவுன் என்றால் கீழே. எதற்குக் கீழே? பேசுகிறவர் நோயாளி, பேச்சு சாப்பாட்டைப் பற்றி. தொண்டைக்குக் கீழே, வயிற்றில். கீப் என்றால் இருந்த இடத்திலேயே வைத்திருப்பது. வயிற்றில் தங்க வைக்க முடியவில்லை. இந்தப் படம் கிடைத்துவிட்டால் அதன் மறுபக்கமும் தானாகவே திறக்கும். த்ரோ அப் என்றால் வாந்தி எடுப்பது. பிரிங் அப் என்றால் உள்ளே போனதை மேலே கொண்டுவருவது. காஃப் அப் என்றால் சளியையோ ரத்தத்தையோ இருமி வெளியேற்றுவது. தொண்டையை நடுவில் வைத்து மேல் கீழ் என்று ஒரு படம் வரைந்துகொண்டால் நாலு வினை ஒரே நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்துக் கூச வேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டவருக்கு மிகப் பெரிய தொல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அறிகுறி: ஒரே வால், நேர் எதிரான பொருள்

இங்கேதான் பாதிப் பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

கன்னியாகுமரி கடற்கரையில் சூரிய உதயம் பார்க்க விடிகாலை நாலரைக்கே வந்து நிற்கிறீர்கள். திடீரென்று கரன்ட் போகிறது. தெருவிளக்கு, கடைவிளக்கு எல்லாம் அணைந்துவிட்டன. அண்ணாந்து பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். "தி லைட்ஸ் ஆர் அவுட். தி ஸ்டார்ஸ் ஆர் அவுட்." முதல் அவுட் விளக்கு இல்லை என்கிறது, இரண்டாவது அவுட் நட்சத்திரம் தெரிகிறது என்கிறது. சொல் ஒன்றுதான், வாக்கிய அமைப்பும் ஒன்றுதான். பொருள் மட்டும் நேர் எதிர்.

திறவுகோல், பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. அவுட் என்றால் வெளியே. நட்சத்திரம் பகல் முழுக்க ஒளிந்திருந்தது, மறைவிலிருந்து வெளியே நம் பக்கம் வந்தது. விளக்கின் ஒளி நம் பக்கம் இருந்தது, அது நம்மை விட்டு வெளியே போனது. நாம் வெளியே நின்றால் அவுட் வெளிப்பாடு. நாம் உள்ளே நின்றால் அவுட் மறைவு. வீட்டுத் திண்ணையில் நிற்பவருக்குத் தம்பி வீட்டைவிட்டு வெளியே வந்தான். அடுக்களையில் நிற்பவருக்கு அதே தம்பி வெளியே போய்விட்டான்.

இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு குடும்பம் பிரியும். ஃபைண்ட் அவுட், டர்ன் அவுட், பாயிண்ட் அவுட், ஸ்டாண்ட் அவுட் எல்லாம் நட்சத்திரக் குடும்பம். மறைந்திருந்தது தெரிய வருகிறது. ரன் அவுட், டை அவுட், புட் அவுட், பாஸ் அவுட் எல்லாம் விளக்குக் குடும்பம். இருந்தது போய்விடுகிறது. பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது, அதாவது நினைவு அணைந்து போவது.

அப் என்பதற்கு வாருங்கள். பேச்சிப்பாறை அணையில் நீர்மட்டம் ஏறி ஏறி 48 அடியைத் தொட்டால் அது ஃபில் அப். நீர் மேலே ஏறுகிறது, அதனால் அப் என்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. கோடையில் வீட்டுக் கிணறு வற்றினால் நீர் கீழே போகிறது. ஆனாலும் ஆங்கிலம் ட்ரை அப் என்கிறது. "கீழ போறதுக்கு எதுக்கு டீச்சர் அப்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார். சரியான கேள்வி. நிரம்பினால் அதற்கு மேல் இடம் இல்லை, விளிம்பு வந்துவிட்டது. அந்த விளிம்புதான் அப். அதிலிருந்து, எந்தக் காரியமானாலும் அதன் கடைசி விளிம்புவரை போய்விட்டது என்ற பொருள் வந்தது. ஈட் அப் என்றால் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடு, யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு, டேர் அப் என்றால் கிழித்துப் போடு, ட்ரை அப் என்றால் வற்றிப் போ. நம் விடு, போ, போடு மூன்றும் செய்யும் வேலையை அவர்களிடம் அப் ஒன்றே செய்கிறது.

இது கைக்கு வந்ததா என்று சோதிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நம் மேற்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் சின்னக் கொட்டகை பல தோட்டங்களில் உண்டு. அதில் தீப்பிடித்துவிட்டது. ஆங்கிலத்தில் "தி ஷெட் பர்ன்ட் டவுன், தி ஷீட்ஸ் பர்ன்ட் அப்." ஒரே தீ, ஏன் ஒன்றுக்கு டவுன், ஒன்றுக்கு அப்? கொட்டகை நின்றுகொண்டிருந்தது, எரிந்து தரையில் சரிந்தது. அதனால் டவுன். ஷீட் சரிவதற்கு என்ன இருக்கிறது, மிச்சமில்லாமல் எரிந்து போயிற்று. அதனால் அப். இதைத் தாமாகவே சொல்லிவிட்டவர்களுக்கு அதற்குப் பிறகு நான் அப், டவுன் பாடம் நடத்துவதில்லை.

ஆஃப் கொஞ்சம் குறும்பானது. அலாரம் கோ ஆஃப் என்றால் அடிக்கிறது. லைட் கோ ஆஃப் என்றால் அணைகிறது. பால் கோ ஆஃப் என்றால் திரிந்து போகிறது. அடிப்படைப் படம் ஒன்றுதான்: ஒட்டியிருந்த நிலையிலிருந்து பிய்த்துக்கொண்டு விலகுவது. அலாரம் அமைதியாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, பிடி விட்டது. லைட் மின்சாரத்தோடு சேர்ந்திருந்தது, தொடர்பு அறுந்தது. பால் நல்ல நிலையில் இருந்தது, அதைவிட்டு விலகியது. முன்பு என்ன நிலையில் இருந்தது என்று கேட்டாலே விடை வந்துவிடும். வேர் ஆஃப் என்றால் மயக்க மருந்தோ வலி மருந்தோ வேகம் குறைந்து விட்டுப்போவது. நர்ஸுகளுக்கு இது தினமும் வேண்டிய சொல்.

ஓவர் பற்றி ஒன்றே ஒன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறக்கவில்லை. கடலுக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் உள்ள வீடுகளிலிருந்து இன்றும் பிள்ளைகள் என் வகுப்புக்கு வருகிறார்கள். ஆங்கிலத்தில் "தி ஸ்டார்ம் ப்ளூ ஓவர்" என்றால் புயல் நம்மைத் தாண்டிப் போய்விட்டது, ஆபத்து விலகியது என்று பொருள். "தி ட்ரீஸ் ப்ளூ ஓவர்" என்றால் மரங்கள் காற்றில் சாய்ந்துவிட்டன. ஓவர் என்பது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வளைந்து போகும் ஒரு வில். புயல் நம் தலைக்கு மேலே வில்லாகக் கடக்கிறது. மரம் வேரைப் பிடித்துக்கொண்டு வில்லாகச் சாய்கிறது. ஒக்கியைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டில் எதை எழுதுகிறோம் என்று நிதானித்து எழுதுங்கள்.

அறிகுறி: 'இட்' என்பதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை

"பிக் அப் இட்" என்று எழுதினால் தவறு, "பிக் இட் அப்" சரி. "லுக் இட் ஆஃப்டர்" என்றால் தவறு, "லுக் ஆஃப்டர் இட்" சரி. விதியைப் பிரிக்கக்கூடியது, பிரிக்கக்கூடாதது என்று இரண்டு பட்டியலாகக் கொடுப்பார்கள். பட்டியல் பரீட்சைக்கு முந்தைய நாள் மறந்துபோகும்.

எனக்குப் பயன்பட்ட சோதனை இது: எது நகர்கிறது? பொருள் நகர்ந்தால், அல்லது பொருளின் நிலை மாறினால், இட் நடுவில் வரும். பொருள் அப்படியே இருக்க, ஆள்தான் அதை நோக்கியோ தாண்டியோ போகிறார் என்றால் இட் கடைசியில் வரும்.

பஸ்ஸையும் சட்டையையும் வைத்துப் பாருங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். கெட் ஆஃப் தி பஸ். நகர்ந்தது நீங்கள், பஸ் அங்கேயே நிற்கிறது. ஆகவே கெட் ஆஃப் இட். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறீர்கள். டேக் ஆஃப் தி ஷர்ட். விலகியது சட்டை. ஆகவே டேக் இட் ஆஃப். இரண்டிலும் வால் ஆஃப்தான். புட் இட் ஆஃப் என்பதில் கூட்டம் தள்ளிப் போகிறது. டர்ன் இட் ஆஃப் என்பதில் ஃபேனின் நிலை மாறுகிறது. ரன் இன்டு ஹிம் என்பதில் நான்தான் போய் எதிர்ப்படுகிறேன். கெட் ஓவர் இட் என்பதில் நோயை நான் தாண்டி வருகிறேன். பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. நடுவில் இட் வரும் வகையில் அழுத்தம் வாலில் விழும்: பிக் இட் அப். இட் கடைசியில் வரும் லுக் ஆஃப்டர் போன்றவற்றில் அழுத்தம் பெரும்பாலும் லுக் மேல். நடுவில் இட் வரும் வகையில், இட், ஹிம், ஹெர், தெம் போன்ற சுட்டுப்பெயர் இல்லாமல் முழுப் பெயர் வந்தால் கவலையே வேண்டாம். டர்ன் ஆஃப் தி ஃபேன், டர்ன் தி ஃபேன் ஆஃப் இரண்டும் சரி.

இப்போது ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எழுந்திரு என்பதற்கு ஜெர்மனில் அவுஃப்ஷ்டேயென். வாக்கியத்தில் வந்தால் "இஷ் ஷ்டேயெ உம் ஸீபன் ஊர் அவுஃப்", அதாவது ஏழு மணிக்கு எழுகிறேன். வால் பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்கே போய்விட்டது. இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம், அதனால் இங்கே பழகிய காது அங்கேயும் உதவும்.

அறிகுறி: நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிறது, அவர்கள் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்

என் மாணவி ஒருவர் ஆன்லைன் நேர்முகத் தேர்வில், "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்றார். கேள்வி கேட்டவர் கவலையோடு, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். நம் நாட்டில் படிப்பை முடித்தேன் என்பதற்கு எல்லோரும் பாஸ் அவுட் என்கிறோம். பிரிட்டனிலும் ராணுவப் பயிற்சி முடித்து வருவோருக்கு இந்தச் சொல் உண்டு. ஆனால் சாதாரணப் பேச்சில் அவர்களுக்கு அது மயங்கி விழுவதுதான். "ஐ கிராஜுவேட்டட்" அல்லது "ஐ குவாலிஃபைட்" என்று சொல்லிவிடுங்கள்.

இதில் உயிர்போகும் ஒரு பிழையும் இருக்கிறது. பாஸ் அவுட் மயக்கம், பாஸ் அவே மரணம். அவுட் என்பது விளக்கு அணைவது, திரும்ப எரியலாம். மயக்கம் தெளிந்தால் கம் ரவுண்ட் என்பார்கள், சுற்றிக்கொண்டு நம்மிடமே வருகிறார்கள். அவே என்பது விலகிப் பார்வைக்கு எட்டாத தூரம் போவது. நாமும் பெரியவர் தவறிவிட்டார் என்கிறோம். தவறு செய்துவிட்டார் என்று அதை யாரும் புரிந்துகொள்வதில்லை. 'விடு' அங்கே செய்வதை இங்கே 'அவே' செய்கிறது. நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது இந்த இரண்டு வாலையும் மாற்றிச் சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தனியாக உட்கார்ந்து இருபது தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

மற்றவை இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஃபார்மை ஃபில்அப் பண்ணு என்பது நம் வழக்கம். அவர்கள் ஃபில் இன் அல்லது ஃபில் அவுட் என்பார்கள். ஃபில் அப் பெட்ரோல் டேங்குக்குப் பொருந்தும். கோப் அப் வித் என்று எழுதாதீர்கள், கோப் வித் போதும். கீப் அப், கேட்ச் அப் எல்லாம் பழகிய நாக்கு அங்கேயும் ஒரு அப் சேர்த்துவிடுகிறது. டிஸ்கஸ் என்பதற்குப் பின்னால் அபவுட் வேண்டாம். தமிழில் பற்றி என்று சொல்லிப் பழகியதால் அது வந்து ஒட்டிக்கொள்கிறது.

அறிகுறி: எழுத்தில் பார்த்தால் தெரிகிறது, காதில் விழவில்லை

பிக் இட் அப் என்று மூன்று சொல்லாக யாரும் பேசுவதில்லை. பிக்கிட்டப் என்று ஒரே மூச்சில் வரும். புட் இட் ஆஃப் என்பது புட்டிட்டாஃப். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் வால் வந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். தமிழில் கடல், ஓரம் இரண்டும் கடலோரம் ஆவதுபோலத்தான். எனவே தனித்தனிச் சொல்லைத் தேடாமல் கடைசி அசையைப் பிடியுங்கள். டப், டாஃப், டவுட் என்று ஏதாவது முடிவு கேட்டால் அங்கே வால் இருக்கிறது. வகுப்பில் நாங்கள் ஐந்து நிமிடம் ஒலிப்பதிவைப் போட்டு, வேறு எதையும் எழுதாமல் வால்களை மட்டும் எழுதுவோம். இரண்டு வாரத்தில் காது திறந்துகொள்ளும்.

அறிகுறி: வால் முன்னால் வந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்

ஒன்றல்ல. நாகர்கோவில் திருவனந்தபுரம் ரோட்டில் பஸ் லாரியை ஓவர்டேக் செய்யும். டியூட்டியில் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் டேக் ஓவர் செய்வார், அதாவது பொறுப்பை ஏற்பார். லுக் ஓவர் என்றால் ஒரு பார்வை பார்ப்பது, ஓவர்லுக் என்றால் கவனிக்காமல் விடுவது. "ஐ ஓவர்லுக்ட் தி சார்ட்" என்று வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லிவிட்டால், சார்ட்டைப் பார்க்கவே இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். முன்னால் ஒட்டியது தனிச் சொல். அதைத் தனியாகவே படியுங்கள்.

அறிகுறி: இரண்டு வால் வந்தால் குழப்பம்

கட் டவுன் ஆன், கம் டவுன் வித், ரன் அவுட் ஆஃப் என்று வருபவை. முதல் வால்தான் பொருளைத் திருப்புகிறது, இரண்டாவது அடுத்து வரும் பெயரைப் பிடித்துக்கொள்ள மட்டும். உப்பைக் கட் டவுன் ஆன் என்றால் குறைத்துக்கொள். கட் அவுட் என்றால் அடியோடு நிறுத்து. இரத்த அழுத்த நோயாளிக்கு இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பது முக்கியம். லுக் ஃபார்வர்ட் டு என்பதற்குப் பின்னால் ஹியர் வராது, ஹியரிங் வரும். மின்னஞ்சலின் கடைசி வரியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: பேச்சு சரி, கடிதம் கடிதமாக இல்லை

நோயாளியிடம் த்ரோ அப் என்று பேசலாம். டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் வாமிட் என்று எழுதுங்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின் பிரெஞ்சுச் சொற்களும், லத்தீன் சொற்களும் அதிகாரம், சட்டம், கல்வி வழியாக வந்து சேர்ந்தன. வீட்டுப் பேச்சில் மண்ணின் பழைய வினைகளும் வால்களும் நின்றன. அதனால்தான் வாமிட், ரெட்யூஸ் காகிதத்துக்கும், த்ரோ அப், கட் டவுன் வாய்க்கும் என்று ஆயிற்று. நம் பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் காகித ஆங்கிலம். நோயாளிகள் பேசுவது வாய் ஆங்கிலம். கெட்டிக்கார நர்ஸ் லிசனிங்கில் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்.

எந்த மருந்துக்கும் கேட்காதவை

சில இருக்கத்தான் செய்கின்றன. டேக் ஆஃப்டர் என்றால் அப்பா அம்மா சாயலில் இருப்பது. மேக் அப் என்றால் ஒப்பனை, சமாதானம் ஆவது, இல்லாததைக் கட்டிச் சொல்வது என்று மூன்று. இவற்றைப் படம் போட்டு வலிந்து விளக்கினால் இன்னும் குழம்பும். சொந்த வீட்டு வாக்கியம் ஒன்றில் வைத்து மனப்பாடம் செய்துவிடுங்கள். "மை டாட்டர் டேக்ஸ் ஆஃப்டர் மை மாமியார்" என்று ஒருவர் தமிழும் கலந்து எழுதி வைத்திருந்தார். அவருக்கு அது மறக்கவே இல்லை.

நோட்டுக்கும் ஒரு யோசனை. கெட் என்று ஒரு பக்கம் போட்டுக் கீழே முப்பது வால் எழுதுவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். திருப்பிப் போடுங்கள். வாலுக்கு ஒரு பக்கம். மேலே வாலின் படம், கையால் வரைந்தது. கீழே அந்த வாலோடு நீங்கள் உண்மையிலேயே கேட்ட வாக்கியம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ், துணைவினையோடு. அகராதியிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டாம்.

முதுகுவலி என்று எழுதிய அந்த மாணவியின் டவுன் பக்கத்தை போன வாரம் வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு தொண்டையும் வயிறும் வரைந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. முதல் வரியில் கீப் டவுன், எதிரே "வயித்துல தங்க மாட்டேங்குது". இரண்டாவது வரி, "தி ஸ்வெல்லிங் ஹேஸ் கான் டவுன்", எதிரே "வீக்கம் வத்திப் போச்சு". மூன்றாவதில் "கம் டவுன் வித் ஃபீவர்" என்று எழுதி, எதிரே இடம் காலியாக விட்டிருந்தார். "காய்ச்சல்ல விழுந்துட்டாங்கன்னு எழுதலாமா டீச்சர்? நாமளும் படுத்துட்டாங்கன்னுதானே சொல்லுவோம், அதுவும் கீழதானே?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.